ஒரு காருக்குப் பின்னால் எத்தனை பட்டறை

1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலை. பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களையும் எழுப்பி, கணவர் கார்ல் பென்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவர் செய்து வைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் ஓடியதில்லை.

வழியில் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற சிற்றூரில் ஒரு மருந்துக் கடையில், துணிக் கறை எடுக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். செயின் பழுதானது. ஒரு கொல்லர் சரிசெய்து கொடுத்தார். இறக்கங்களில் அழுத்தி அழுத்தி மரப் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. ஒரு செருப்புத் தொழிலாளி அதன் மேல் தோல் வைத்து அடித்துக் கொடுத்தார். எரிபொருள் குழாயில் அடைப்பு வந்தபோது தொப்பியில் குத்தும் ஊசியால் தானே குத்தி எடுத்தார். இருட்டும் நேரத்தில் அம்மா வீடு போய்ச் சேர்ந்தார்.

1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த கார்ல் பென்ஸின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அந்த வண்டியை ஊர் சேர்த்ததில் பெர்த்தாவுக்கும், மருந்துக் கடைக்காரருக்கும், கொல்லருக்கும், செருப்புத் தொழிலாளிக்கும் பங்கு உண்டு. வாகனத் தொழில் இன்றைக்கும் இதே மாதிரிதான் ஓடுகிறது. முன்பக்கம் பளபளக்கும் பெயர் ஒரு கம்பெனியுடையது. உள்ளே இருப்பது நூற்றுக்கணக்கான வேறு கம்பெனிகளின் வேலை. இந்தத் தொழில் ஏன் நாடுகளைத் தூக்கி நிறுத்துகிறது, சில சமயம் ஏன் சாய்த்துவிடுகிறது என்பதற்கான விடை அந்த இரண்டாவது கூட்டத்திடம்தான் இருக்கிறது. கார் விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 2000ஆம் ஆண்டில் உலகம் முழுக்கத் தயாரான கார், லாரி, பேருந்து எல்லாம் சேர்த்து சுமார் 5.8 கோடி. 2023ல் அது 9.3 கோடி. இதில் சீனாவின் கதை தனி. 2000ல் அங்கே தயாரானவை சுமார் 20 லட்சம் வண்டிகள். 2023ல் 3 கோடி. இப்போது உலகத்தில் மூன்று வண்டி தயாரானால் அதில் ஒன்று சீனாவில் தயாராகிறது. ஒரே தலைமுறைக்குள் ஒரு தொழில் இப்படி இடம் பெயர்ந்ததற்கு வேறு உதாரணம் தேடுவது கஷ்டம்.

ஒரு சாதாரண காரைக் கடைசித் திருகு வரை பிரித்தால் சுமார் 30,000 பாகங்கள் தேறும். எடையில் ஏறக்குறைய 900 கிலோ இரும்பும் எஃகும். உலகத்தில் கிடைக்கும் இயற்கை ரப்பரில் 70 சதவீத அளவு டயருக்குப் போகிறது. பல்லேடியம் என்ற அரிய உலோகத்தில் பெரும்பகுதி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போகிறது. கண்ணாடி, பெயின்ட், நுரை மெத்தை, துணி, தாமிரக் கம்பி, சிப் என்று எதை எடுத்தாலும் அந்தத் தொழிலின் பெரிய வாடிக்கையாளர்களில் கார் தொழில் இருக்கும். ஒரு காரின் மதிப்பில் பாதிக்கு மேல், பல கம்பெனிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், வெளியிலிருந்து வாங்கிய பாகங்கள்தான். கார் ஆலை என்று நாம் சொல்லும் இடத்தில் நடப்பவை பெரும்பாலும் நான்கு வேலைகள்: தகட்டை அழுத்தி உருவம் கொடுப்பது, வெல்டிங், பெயின்ட், கடைசியாக எல்லாவற்றையும் கோத்துப் பூட்டுவது. இன்ஜினைத் தாங்களே செய்பவர்களும் உண்டு. மற்றதெல்லாம் லாரியில் வந்து இறங்குகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. எல்லாவற்றையும் தானே செய்துவிட வேண்டும் என்று ஒருவர் முயன்று பார்த்தார்.

ஹென்றி ஃபோர்டு 1908ல் மாடல் டி காரை வெளியிட்டார். ஆரம்ப விலை 850 டாலர். 1913ல் டெட்ராய்ட் பக்கத்தில் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. தொழிலாளி காரைச் சுற்றி நடப்பது போய், கார் தொழிலாளி முன்னால் வந்து நிற்கத் தொடங்கியது. ஒரு வண்டியின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த இடத்தில், சில மாதங்களில் 93 நிமிடம் போதும் என்றானது. 1920களின் நடுவில் காரின் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927ல் நிறுத்தும் வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் விற்றிருந்தன.

ஆனால் அந்த லைனில் மனிதர்கள் தங்கவில்லை. நாள் முழுக்க ஒரே போல்ட்டை முறுக்கும் வேலையை யார் சகித்துக்கொள்வார்கள்? 1913ல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க ஃபோர்டு 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 1914 ஜனவரியில் நாள் கூலியைத் தடாலடியாக இரண்டு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்தார். வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். இதை ஃபோர்டின் தாராள மனசு என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஆள் நிற்காத ஆலையை ஓட்டுவதற்கான செலவுக் கணக்கு அது. அந்த 5 டாலருக்கு நிபந்தனையும் இருந்தது. தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று பார்க்கக் கம்பெனியின் ஆட்கள் வீட்டுக்கே போனார்கள். இருந்தாலும் விளைவு பெரியது. தான் செய்யும் பொருளைத் தானே வாங்கக்கூடிய தொழிலாளி என்ற ஒரு புது மனிதர் உருவானார். இருபதாம் நூற்றாண்டின் நடுத்தர வர்க்கத்துக்கு அடித்தளம் போட்டதில் அந்தக் கூலிக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் ஃபோர்டு ரூஜ் ஆற்றங்கரையில் ஒரு பெரும் ஆலை கட்டினார். ஒரு பக்கம் இரும்புத் தாது இறங்கும், மறு பக்கம் கார் ஓடி வெளியே வரும் என்பது திட்டம். அங்கே சொந்த எஃகு உலை, சொந்தக் கண்ணாடி ஆலை, சொந்த மின் நிலையம், வளாகத்துக்குள்ளேயே சுமார் 160 கிலோமீட்டர் ரயில் தண்டவாளம் எல்லாம் இருந்தன. தாது கொண்டுவர சொந்தக் கப்பல்கள் இருந்தன. ரப்பருக்காக அமேசான் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்ற ஒரு நகரத்தையே 1928ல் தொடங்கினார். ரப்பர் மரங்களை நெருக்கி நட்டதில் இலைக்கருகல் நோய் பரவியது. தோட்டம் உருப்படவில்லை. 1945ல் அதை பிரேசில் அரசிடம் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள்.

ரூஜ் ஆலையின் பிரச்சினை வேறு. எல்லாம் ஒரே கையில் இருந்தால், மாற்றம் வேண்டும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். 1927ல் மாடல் டி-யை நிறுத்திப் புது மாடலுக்கு மாற ஃபோர்டு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்த இடைவெளியில் ஜெனரல் மோட்டார்ஸ் முன்னால் போனது. அதன் தலைவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோன், ஒவ்வொரு வருமானத்துக்கும் ஒவ்வொரு கார் என்று பிரித்து விற்றார். 1919லேயே அந்தக் கம்பெனி தவணைக் கடனுக்கு என்று தனி நிறுவனம் தொடங்கியிருந்தது. இன்றைக்கு வீடு தவிர மற்ற எதற்கும் மக்கள் இவ்வளவு கடன் வாங்குவதில்லை என்ற நிலை அங்கேதான் தொடங்கியது. வட்டி விகிதம் அரை சதவீதம் ஏறினாலும் கார் விற்பனை ஏன் ஆட்டம் காண்கிறது என்பதற்கும் அதுவே காரணம்.

பாகம் செய்பவர்களைப் பற்றிய உண்மையான பாடம் ஜப்பானிலிருந்து வந்தது.

1950ல் டொயோட்டா திவாலாகும் நிலையில் இருந்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், நிறுவனர் கிச்சிரோ டொயோடாவின் ராஜினாமா. அதே ஆண்டு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா அமெரிக்கா போய் ரூஜ் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். அதே மாதிரி ஒன்றைக் கட்டப் பணமும் இல்லை, அவ்வளவு கார் வாங்க ஜப்பானில் ஆளும் இல்லை. டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் வேறு வழி கண்டார். பாகத்தைக் குவித்து வைக்காதே, தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வரட்டும். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் ஷெல்ஃபை நிரப்பும் முறையிலிருந்து அவருக்கு இந்த யோசனை பிடிபட்டது. பெட்டியோடு ஒரு அட்டை போகும். பெட்டி காலியானால் அட்டை திரும்பி வரும். அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டி தயாராகும். அந்த அட்டைக்குப் பெயர் கான்பான்.

இந்த முறை ஓட வேண்டுமென்றால் பாகம் செய்யும் கம்பெனிகள் பக்கத்தில் இருக்க வேண்டும், நேரம் தவறக் கூடாது, பழுதான பாகம் அனுப்பக் கூடாது. ஆகவே டொயோட்டா தனக்குப் பாகம் கொடுக்கும் வெண்டர்களின் பட்டறைக்கே ஆள் அனுப்பி வேலையைச் சொல்லிக்கொடுத்தது. சிலவற்றில் பங்கு வாங்கியது. விலை குறைவு என்பதற்காக வருஷா வருஷம் ஆளை மாற்றவில்லை. இப்படி உருவான உறவு எவ்வளவு பலவீனமானது, எவ்வளவு பலமானது என்பது ஒரே வாரத்தில் தெரிந்தது.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் கரியா நகரில், டொயோட்டாவுக்குப் பாகம் செய்யும் ஐசின் என்ற கம்பெனியின் ஆலையில் தீ. அங்கே தயாரானது பி-வால்வு. பிரேக்கை அழுத்தும்போது பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தி, வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன உருப்படி. கைக்குள் அடங்கிவிடும். விலை அற்பம். உள்ளே போடும் துளைகள் மட்டும் மிக நுணுக்கமானவை. டொயோட்டாவுக்கு வேண்டிய பி-வால்வு ஏறக்குறைய மொத்தமும் அந்த ஒரே ஆலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு மிகக் குறைவு. சில நாட்களுக்குள் ஜப்பானில் டொயோட்டாவின் லைன்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. உலகத்தின் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றை ஒரு சின்ன வால்வு நிறுத்திவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். ஐசின் தன் டிராயிங்குகளை எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சுமார் 60 கம்பெனிகள் வால்வு செய்ய இறங்கின. அவற்றுக்கு மெஷினும் கருவியும் பொருளும் கொடுக்க இன்னும் நூற்றைம்பது கம்பெனிகள். அவற்றில் பெரும்பாலானவை அதுவரை அந்த வால்வைத் தொட்டதே இல்லை. தையல் மெஷினுக்குப் பெயர் போன பிரதர் கம்பெனிகூடத் தன் மில்லிங் மெஷினை மாற்றி அமைத்து வால்வு செய்தது. யாரும் முதலில் விலை பேசவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை. தீப்பிடித்த நான்கு நாட்களுக்குள் முதல் நல்ல வால்வுகள் வந்து இறங்கின. அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பியது.

ஒரு நாட்டுக்கு வாகனத் தொழில் என்ன தருகிறது என்று யாராவது கேட்டால் நான் ஏற்றுமதிக் கணக்கைச் சொல்ல மாட்டேன், இந்த வாரத்தைத்தான் சொல்வேன். ஒரு டிராயிங்கைப் பார்த்து மூன்றே நாளில் மைக்ரான் கணக்கில் துளை போடத் தெரிந்த 60 பட்டறைகள் ஒரு வட்டாரத்தில் இருக்கின்றன என்றால், அந்த ஊரால் எதையும் செய்ய முடியும். போர்க்காலத்தில் ஃபோர்டின் வில்லோ ரன் ஆலை 1944ல் மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் என்ற வேகத்தை எட்டியதும், 2020 தொற்றுக்காலத்தில் கார் கம்பெனிகள் சில வாரங்களில் வென்டிலேட்டர் செய்யத் தொடங்கியதும் இந்தத் திறமையால்தான். அந்தத் திறமை வருஷக்கணக்கில் கார் பாகம் செய்து செய்து கையில் வந்தது. பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிட முடியாது.

தென் கொரியா இதைப் புரிந்துகொண்டுதான் நடந்தது. 1967ல் தொடங்கிய ஹூண்டாய் முதலில் வெளிநாட்டுக் காரின் பாகங்களை வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்தது. 1975ல் போனி என்ற சொந்தக் காரைக் கொண்டுவந்தது. வடிவமைப்பு இத்தாலியில் வாங்கியது, இன்ஜின் நுட்பம் ஜப்பானில் வாங்கியது. ஆனால் பாகங்களில் பெரும்பகுதியை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசும் கம்பெனியும் பிடிவாதமாக நின்றன. அந்தப் பிடிவாதம் பலித்தது. வெறுமனே கார் பூட்டும் ஆலையோடு திருப்திப்பட்ட பல நாடுகளில், சலுகை முடிந்ததும் ஆலையும் போய்விட்டது.

ஆஸ்திரேலியா எதிர்ப்பக்கக் கதை. அங்கே மூன்று கம்பெனிகள் கார் செய்துகொண்டிருந்தன. கடைசி ஆண்டுகளில் மூன்றும் சேர்ந்தே ஆண்டுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் கார்கள். ஒரே ஒரு ஆலையை லாபத்தில் ஓட்ட வேண்டிய எண்ணிக்கை அது. 2013 மே மாதம் ஃபோர்டு வெளியேறுவதாகச் சொன்னது. டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியக் கம்பெனியான ஹோல்டன் சொன்னது. 2014 பிப்ரவரியில் டொயோட்டாவும் சொல்லிவிட்டது. மூன்றாவது கம்பெனிக்கு வேறு வழி இருக்கவில்லை. மற்ற இருவரும் போனால் பிரேக்கும் சீட்டும் பம்பரும் செய்பவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆர்டர்தான் மிஞ்சும். அவர்கள் கடையை மூடிவிட்டால் மிச்சம் இருக்கும் கம்பெனிக்குப் பாகம் எங்கிருந்து வரும்? 2017 அக்டோபரில் கடைசி ஹோல்டன் கார் லைனிலிருந்து இறங்கியது. அதோடு அந்த நாட்டில் பெரிய அளவிலான கார் உற்பத்தியே முடிந்தது.

இதே பயம்தான் 2008ல் அமெரிக்காவை ஆட்டியது. நிதி நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் மூழ்கிக்கொண்டிருந்தன. ஃபோர்டு மட்டும் 2006லேயே தன் சொத்துகளை, நீல நிற முத்திரை உட்பட, அடகு வைத்து 2,350 கோடி டாலர் திரட்டி வைத்திருந்ததால் நின்றது. போட்டியாளர்கள் விழுந்தால் ஃபோர்டுக்கு லாபம்தானே என்று தோன்றும். ஃபோர்டின் தலைமை நிர்வாகி ஆலன் முலாலி நாடாளுமன்றக் குழு முன்னால் போய், அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் அரசு உதவ வேண்டும் என்று வாதாடினார். காரணம் எளிது. மூவருக்கும் பாகம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பில் கட்டவில்லை என்றால் அந்த வெண்டர்கள் திவாலாவார்கள். அடுத்த வாரம் ஃபோர்டின் லைன் நிற்கும். கடைசியில் அமெரிக்க அரசு கார் தொழிலைத் தூக்கி நிறுத்தச் சுமார் 8,000 கோடி டாலர் இறக்கியது. அதில் எல்லாம் திரும்பி வரவில்லை. ஆனாலும் அந்தப் பணத்தை வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூடிப்போன பட்டறையைத் திரும்பத் திறப்பது, திறந்திருக்கும் பட்டறையைக் காப்பாற்றுவதைவிடப் பல மடங்கு செலவு.

சரி, அந்தப் பட்டறைகளில் ஒன்றுக்குள் போய்ப் பார்க்கலாம்.

வயரிங் ஹார்னஸ் என்ற பாகத்தைக் கார் வாங்குபவர் வாழ்நாளில் பார்க்கவே மாட்டார். மனித உடம்புக்கு நரம்பு எப்படியோ காருக்கு அது அப்படி. விளக்கு, கண்ணாடி மோட்டார், ஏர்பேக், சென்சார் எல்லாவற்றையும் இணைக்கும் கம்பிக் கட்டு. ஒரு நவீன காரில் அந்தக் கம்பிகளை நீட்டி வைத்தால் கிலோமீட்டர் கணக்கில் போகும். எடை 50 கிலோ வரைக்கும் வரும். இதை ரோபோ செய்வதில்லை. கம்பி தொளதொளவென்று வளையும். மெஷினுக்கு அது பிடிபடாது. ஆளுயரப் பலகை ஒன்றில் காரின் கம்பி வரைபடம் ஒட்டியிருக்கும். வளைவுக்கு வளைவு முளைகள் அடித்திருக்கும். தொழிலாளி, பெரும்பாலும் ஒரு பெண், சிவப்பு, பச்சை, மஞ்சள் கோடு போட்ட கறுப்பு என்று ஒவ்வொரு கம்பியாக எடுத்து முளைகளின் வழியே ஓட்டி, நுனியைக் கனெக்டரில் ‘டிக்’ என்று சத்தம் வரும் வரை செருகி, கட்டு முழுவதையும் டேப்பால் சுற்றிக்கொண்டே போவார். அந்த ‘டிக்’ கேட்காமல் விட்டால், எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் ஒருநாள் ஒரு விளக்கு எரியாது.

இந்த வேலை கூலி குறைவான இடங்களைத் தேடிப் போகும். மெக்சிகோவின் எல்லை நகரங்கள், மொராக்கோ, துனிசியா, பிலிப்பைன்ஸ், உக்ரைன். வாங்குபவர் கேட்ட வசதிகளைப் பொறுத்து ஒவ்வொரு காருக்கும் கட்டு மாறும் என்பதால், முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கவும் முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கியபோது மேற்கு உக்ரைனில் இருந்த ஹார்னஸ் ஆலைகள் தடுமாறின. சில நாட்களில் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ, போர்ஷே ஆலைகளில் லைன்கள் நின்றன. எஃகு இருந்தது, இன்ஜின் இருந்தது, ஆள் இருந்தார்கள். கம்பிக் கட்டு வரவில்லை. லைனில் ஹார்னஸ் முதலிலேயே உள்ளே போக வேண்டும்; கம்பளமும் சீட்டும் அதற்கு மேல்தான் வரும். அதனால் மற்றதைப் பூட்டி வைத்துக் காத்திருக்கவும் வழியில்லை. சைரன் ஒலிக்கும்போது நிலவறைக்குப் போய், அடங்கியதும் திரும்பி வந்து அந்தப் பலகை முன்னால் நின்ற உக்ரைனியத் தொழிலாளர்கள்தான் ஐரோப்பாவின் கார் ஆலைகளைத் திரும்ப ஓட வைத்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு சிப் பஞ்சம். 2020ல் தொற்று தொடங்கியதும் கார் கம்பெனிகள் பயந்துபோய் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் தேவை ஏறியதால் சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. சில மாதங்களில் கார் விற்பனை சூடு பிடித்தபோது வரிசையில் கடைசியாக நின்றது கார் தொழில். பழைய நுட்பத்தில் செய்த மலிவான சிப்புகளுக்காகப் பல ஆயிரம் டாலர் வண்டிகள் மைதானங்களில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. புது வண்டி கிடைக்காததால் பழைய வண்டியின் விலை ஏறியது. அமெரிக்காவில் அந்த ஆண்டின் பணவீக்கத்துக்கு அது கண்கூடான ஒரு காரணம். ஒரு தொழிலின் பாகப் பஞ்சம் நாட்டின் விலைவாசிக் குறியீட்டையே தூக்கிவிட்டது.

வேலைவாய்ப்புக் கணக்கையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாகனத் துறையைச் சார்ந்து 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள் என்று அந்தத் துறையின் சங்கம் சொல்கிறது. அதில் விற்பவர், பழுது பார்ப்பவர், லாரி ஓட்டுபவர், சாலை போடுபவர் எல்லாரும் அடக்கம். ஆலைக்குள் வண்டியும் பாகமும் செய்பவர்கள் அதில் ஒரு பகுதிதான். ஆகவே ஒரு புதிய கார் ஆலை வருகிறது, ஆயிரம் பேருக்கு வேலை என்ற அறிவிப்பைப் பார்த்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி: வெண்டர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பாகமெல்லாம் கப்பலில் வருகிறது என்றால் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நிற்கும். சுற்றிலும் உலோகம் வார்க்கும் ஃபவுண்டரியும், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமும் முளைத்தால் அது பல ஆயிரமாகப் பெருகும்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. அதைச் சொல்லாமல் போனால் கணக்கு பொய்யாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். பாதிக்கு மேல் நடந்தோ, சைக்கிளிலோ, மோட்டார் சைக்கிளிலோ போனவர்கள். 1920களில் பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். நஞ்சு என்று அப்போதே தெரியும். கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021ல்தான். இடையில் வளர்ந்த குழந்தைகளின் மூளைக்குள் போன ஈயத்தை எந்த மொத்த உற்பத்திக் கணக்கும் கழித்துக் காட்டியதில்லை. டெட்ராய்ட் நகரம் வேறு விதமாக விலை கொடுத்தது. 1950ல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த ஊர், ஒரே தொழிலை நம்பி இருந்து, அது வெளியே நகர்ந்தபோது தேய்ந்து, 2013ல் திவால் மனு போட்டது.

இப்போது மின்சார வண்டி வந்திருக்கிறது. 2024ல் உலகம் முழுக்க 1.7 கோடிக்கும் மேற்பட்ட மின்சார கார்கள், செருகி சார்ஜ் செய்யும் கலப்பினக் கார்களையும் சேர்த்து, விற்றன. விற்ற கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். இதைப் பெரும்பாலும் பெட்ரோலா பேட்டரியா என்ற சண்டையாகவே பேசுகிறோம். பாகம் செய்பவர் இடத்திலிருந்து பார்த்தால் படம் வேறு. மின் மோட்டாரில் பிஸ்டன் இல்லை, பிஸ்டன் ரிங் இல்லை, வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, சைலன்சர் இல்லை, எரிபொருள் டேங்க் இல்லை. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதை மட்டுமே மூன்று தலைமுறையாகச் செய்துவரும் கம்பெனிகள் இருக்கின்றன. பிஸ்டன் ரிங் செய்யும் ஃபவுண்டரிக்கு உருக்கிய இரும்பைப் பற்றித் தெரியாதது எதுவும் இருக்காது. லித்தியம் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மின்சார காரின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்கே போகிறது. அந்தப் பணம் இனி வேறு கைகளுக்குப் போகும். ஜெர்மனியில் கியர்பாக்ஸுக்குப் பெயர் போன ஸெட்எஃப் கம்பெனி, 2028க்குள் அந்த நாட்டில் 14,000 வேலைகள் வரை குறைப்பதாக 2024ல் அறிவித்தது. பெரிய கம்பெனி என்பதால் அது செய்தியானது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறை மூடினால் செய்தி வராது.

சீனாவின் பிஒய்டி 1995ல் பேட்டரி கம்பெனியாகத் தொடங்கியது. கார் தொழிலுக்கு வந்தது 2003ல். பேட்டரி, மோட்டார், மின் கட்டுப்பாட்டுச் சாதனங்கள், சிப்பில் ஒரு பகுதி எனப் பெரும்பாலானதைத் தானே செய்கிறது. 2024 தொடக்கத்தில் கார் ஏற்றிச் செல்லத் தனக்கென்றே கப்பலையும் கடலில் இறக்கியது. ரூஜ் ஆற்றங்கரையில் ஃபோர்டு கண்ட கனவு நூறு ஆண்டு கழித்து வேறு ஊரில் திரும்பி வந்திருக்கிறது. டெஸ்லா இன்னொரு பக்கம், சுமார் 70 சின்னத் துண்டுகளை வெல்டிங் செய்து உருவாக்கிய காரின் பின்பகுதி அடித்தளத்தை ஒரே அலுமினிய வார்ப்பாக ஊற்றத் தொடங்கிவிட்டது. வெளிப் பட்டறைகளுக்குப் போன வேலை இப்படித் திரும்பத் தாய் ஆலைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இதனால் கார் மலிவாகும். ஐசின் ஆலை எரிந்தபோது கை கொடுத்த மாதிரியான 60 பட்டறைகள் அப்போது யாரைச் சுற்றி இருக்கும் என்பது என்னை உறுத்துகிறது. அரசுகள் மின்சார கார் வாங்குபவருக்குக் கொடுக்கும் சலுகையில் ஒரு பங்கை, பிஸ்டன் செய்தவர் மோட்டார் உறை செய்யவும், சைலன்சர் செய்தவர் பேட்டரிப் பெட்டி செய்யவும் மாறுவதற்கு மெஷின் கடனாகக் கொடுக்கலாம். தகடு வளைக்கத் தெரிந்த கைக்கு அந்த மாற்றம் எட்டாத தூரம் இல்லை.

மாறாமல் நிற்கும் வேலையும் உண்டு. ஹார்னஸ் பலகை அப்படியே இருக்கிறது. மின்சார காரில் கம்பி குறையவில்லை, கூடியிருக்கிறது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் உயர் அழுத்தக் கேபிள் விரல் தடிமனுக்கு மேல் இருக்கும். தொடுபவருக்கு எச்சரிக்கையாக அதற்கு ஆரஞ்சு நிற உறை போடுவார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் கோடு போட்ட கறுப்புக் கம்பிகளை ஓட்டிக்கொண்டிருந்த அதே பெண் இப்போது அந்த ஆரஞ்சுக் கேபிளையும் எடுத்து, அதற்கென்று புதிதாக அடித்த தடித்த முளைகளின் வழியே வளைத்து, கனெக்டரில் அழுத்தி, ‘டிக்’ சத்தத்துக்காகக் காது கொடுக்கிறார்.